திரையில் 5, தாளில் 12: ஒரு ஹெடர் ஃபைலைத் துரத்திய கதை

அரைக் கிலோ நெய் டப்பா ஒன்று. கடையில் பில் போடும் கருவியின் திரையில் ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று இருக்கிறது. அதே கருவியின் பிரிண்டரிலிருந்து வந்த தாளில் சிஜிஎஸ்டி 6, எஸ்ஜிஎஸ்டி 6, ஆக மொத்தம் 12. எங்கள் டெஸ்டிங் மேடம் அந்தத் தாளைக் கிழித்து என் கீபோர்டு மேல் வைத்தார். "இதுல எதை சார் நம்புறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் பெருங்குடியில் உட்கார்ந்து மளிகைக் கடைகளுக்கான பில் போடும் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறோம். எல்லாம் சி பிளஸ் பிளஸ். எழுதிய கோடை ஓடும் மென்பொருளாகக் கட்டும் பில்டுக்கு ஜிஎன், அதற்குக் கீழே நிஞ்சா. ஜிஎன் என்பது குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியம் திட்டத்துக்காக எழுதப்பட்டது. அது நேரடியாக எதையும் கம்பைல் செய்யாது, அதாவது கோடை இயந்திர மொழிக்கு மாற்றாது. எந்த டார்கெட் (தனியாகக் கட்டப்படும் பகுதி) எதைச் சார்ந்திருக்கிறது என்பதைப் படித்து நிஞ்சாவுக்கு வேலைப் பட்டியல் எழுதித் தரும், ஓடுவது நிஞ்சா.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 12, 28 அடுக்குகள் போய் பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் வந்தன, சிலவற்றுக்கு மட்டும் 40. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு இறங்கின, ஷாம்புவும் பற்பசையும் 18-லிருந்து 5-க்கு. எங்களுக்கு இது ஒரு சிஎஸ்வி ஃபைலை, அதாவது விகித அட்டவணையை, திருத்தும் வேலைதான். அந்த ஃபைலைப் படித்து ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் பில்டின்போதே ஒரு ஹெடர் ஃபைலை, அதாவது பல சோர்ஸ் ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபைலை, எழுதும். அதில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் விகிதம் கான்ஸ்டெக்ஸ்பர் எண்ணாக, அதாவது கம்பைல் செய்யும்போதே நிலைத்துவிடும் எண்ணாக, இருக்கும். திரைப் பகுதியும் பிரிண்டர் பகுதியும் அதே ஹெடரைத்தான் இன்க்ளூட் செய்கின்றன, அதாவது தங்களுக்குள் இழுத்துக்கொள்கின்றன. ஆகவே இரண்டும் வேறு வேறு எண் காட்ட வழியே இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிஎஸ்வியைப் பார்த்தேன். 5. ஸ்கிரிப்ட் எழுதிய ஹெடரை, பில்டில் உண்டாகும் ஃபைல்கள் சேரும் அவுட் ஃபோல்டரில் திறந்தேன். அதிலும் 5. சரி, பிரிண்டர் கோடில் யாராவது எண்ணைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள் என்று தேடினேன், இல்லை. கடைசியில் பிரிண்டரின் பில் அமைக்கும் ஃபைலில் சும்மா ஒரு வெற்று வரி சேர்த்து மறுபடி பில்ட் செய்தேன். தாளில் 5 வந்தது. வெற்று வரியை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் செய்தேன். அப்போதும் 5.

பிழை தானாகப் போய்விட்டால் எனக்கு இரவு தூக்கம் வராது. வந்த பிழையை விட மோசமானது காணாமல் போன பிழை.

என் லேப்டாப்பில் எத்தனை முறை செய்தாலும் 5. பில்ட் சர்வரில் ஒவ்வொரு முறையும் சுத்தமாக ஆரம்பத்திலிருந்து பில்ட் ஆகும், அங்கே சில சமயம் 5, பல சமயம் 12. ஒரே கோடு, ஒரே கம்பைலர், முடிவு மட்டும் வேறு. இப்படி நடந்தால் இரண்டு வேலைகளுக்கு நடுவே ஓட்டப்பந்தயம் நடக்கிறது என்று அர்த்தம். 'எது முதலில்' என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்தப் பந்தயத்தில் தோற்றால் "ஃபைல் இல்லை" என்று பில்ட் உடைய வேண்டுமே தவிர, அமைதியாகப் பழைய எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய எண் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு நிஞ்சாவிடமே பதில் இருந்தது. ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலைக் கம்பைல் செய்யும்போதும் கம்பைலர் தான் உண்மையில் திறந்து படித்த ஹெடர்களின் பட்டியலை எழுதித் தரும், நிஞ்சா அதைத் தன் பதிவில் சேர்த்து வைத்துக்கொள்ளும். 'டெப்ஸ்' என்ற துணைக் கருவியைக் கூப்பிட்டு கம்பைல் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் ஃபைலின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பட்டியலைக் காட்டும். சர்வரில் 12 வந்த பில்டில் பிரிண்டர் ஆப்ஜெக்டுக்கு அதைக் கேட்டேன். நூற்றுச் சொச்சம் வரிகள். நடுவில் விகித ஹெடரின் பெயர் இருந்தது, ஆனால் பாதை அவுட் ஃபோல்டருக்குப் போகவில்லை. சோர்ஸ் மரத்துக்குள்ளேயே 'லெகசி' என்ற ஃபோல்டரைக் காட்டியது.

போய்ப் பார்த்தால் அதே பெயரில் ஒரு ஹெடர். ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முந்தைய காலத்தில் விகிதங்களைக் கையால் தட்டி வைத்த ஃபைல். யார் செக்-இன் செய்தது என்று, கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் பார்த்தேன். நான்தான். நான்கு வருடத்துக்கு முன்னால். டெஸ்டிங் மேடம் அந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டுமே என்று கொஞ்ச நேரம் பயந்துகொண்டிருந்தேன்.

இப்போது கதை முழுசாகப் புரிந்தது. எங்கள் பொது அமைப்பில் இன்க்ளூட் தேடும் பாதைகள் எல்லா டார்கெட்டுக்கும் ஒன்றே: முதலில் அவுட்டுக்குள் ஸ்கிரிப்ட் எழுதும் ஹெடர் போய்ச் சேரும் ஜென் ஃபோல்டர், அப்புறம் லெகசி. திரைப் பகுதி ஒழுங்காக விகித ஸ்கிரிப்டைத் தன் டிபென்டென்சியாக, அதாவது தான் சார்ந்திருக்கும் வேலையாகச் சொல்லியிருந்தது. அதனால் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகே அது கம்பைல் ஆகும், புது ஹெடர் கிடைக்கும். பிரிண்டர் பகுதி அதைச் சொல்லவே இல்லை. நிஞ்சாவுக்கு இரண்டும் சம்பந்தமில்லாத வேலைகள், ஒரே நேரத்தில் ஓடவிட்டது. ஸ்கிரிப்ட் முந்தினால் 5. பிரிண்டர் முந்தினால் ஜென் ஃபோல்டர் காலியாக இருக்கும், கம்பைலர் அடுத்த பாதையில் தேடும், லெகசி ஹெடர் கிடைக்கும், 12. எண்கள் ஹெடருக்குள்ளேயே கான்ஸ்டெக்ஸ்பராக இருப்பதால் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தனக்கென்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டுவிடும். ஆப்ஜெக்டுகளை ஒன்றாக இணைத்து லிங்க் செய்யும்போதுகூட யாரும் முரண்பாட்டைக் கவனிக்கமாட்டார்கள்.

என் லேப்டாப்பில் ஏன் வரவில்லை? அவுட் ஃபோல்டரை நான் அழிப்பதே இல்லை, ஜென் ஹெடர் எப்போதும் அங்கேயே இருக்கும். இத்தனை வருடம் சர்வரில் ஏன் யாரும் பார்க்கவில்லை? பார்த்திருக்க முடியாது. பிரிண்டர் பழைய ஹெடரை எடுத்தாலும் புதியதை எடுத்தாலும் எண் ஒன்றாகவே இருந்தது. விகிதம் மாறிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது.

முதல் காரியமாக லெகசி ஹெடரை அழித்தேன். சர்வரில் சுத்தமான பில்ட் உடனே உடைந்தது, "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று. எனக்கு நிம்மதி. உடையும் பில்டை யாராவது சரிசெய்வார்கள்.

பிரிண்டர் டார்கெட்டின் டிபென்டென்சிப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் இந்தப் பிழை முடிந்தது. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். இதைப் பிடிப்பதற்கென்றே ஜிஎன்-னில் 'செக்' என்ற கட்டளை இருக்கிறது. சோர்ஸ் ஃபைல்களின் தலைப்பகுதியில் இருக்கும் இன்க்ளூட் வரிகளைப் படிக்கும், அந்த ஹெடர் எந்த டார்கெட்டுக்குச் சொந்தம் என்று பார்க்கும், இன்க்ளூட் செய்கிற டார்கெட்டிலிருந்து அங்கே போக அனுமதியுள்ள பாதை இருக்கிறதா என்று சோதிக்கும். ஸ்கிரிப்ட் உண்டாக்கும் ஹெடரும் இந்தக் கணக்கில் வரும். ஒவ்வொரு மெர்ஜுக்கும், அதாவது புது மாற்றம் பொதுக் கோடில் சேரும்போதெல்லாம், எங்கள் சர்வர் இதை ஓட்டுகிறது, ஒவ்வொரு முறையும் பச்சை, பிழை இல்லை. இரண்டு டார்கெட்டுக்கும் நடுவே பாதை இருக்கிறதா என்று 'பாத்' கட்டளையால் கேட்டால் இல்லை என்கிறது. அப்புறம் எப்படிப் பச்சை?

திட்டத்தின் வேரில் புள்ளி ஜிஎன் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும், யாரும் திறக்க மாட்டோம். அதில் எவற்றை மட்டும் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் 'செக் டார்கெட்ஸ்' என்ற ஒரு பட்டியல், இரண்டே ஃபோல்டர்களின் பெயர்: அடிப்படைப் பகுதி, திரைப் பகுதி. முன்பு பயன்படுத்திய பில்ட் கருவியான சீமேக்கிலிருந்து ஜிஎன்-னுக்கு மாறிய சமயத்தில் அந்த இரண்டு மட்டும் சுத்தமாக இருந்தன. மற்றவற்றை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியிருக்கிறோம். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

பட்டியலை அழித்துவிட்டு ஓட்டினேன். 61 பிழைகள். அன்று மாலை மழை வேறு, மெட்ரோ வேலையால் ஓஎம்ஆரில் வண்டி நகராது என்று தெரியும். கீழே போய் டீயும் மிளகாய் பஜ்ஜியும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனும் கூட உட்கார்ந்தான்.

61-இல் பாதிக்கு மேல் பிரிண்டருக்கு நடந்ததேதான். ஹெடரை இன்க்ளூட் செய்திருக்கிறார்கள், டிபென்டென்சி சொல்லவில்லை, வேறு யாரோ அதை இழுத்து வருவதால் லிங்க் மட்டும் தப்பித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கைவேலை.

அடுத்த ரகம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பணம் வாங்கும் பகுதி அடிப்படைப் பகுதியைச் சார்ந்திருக்கிறது, அறிக்கைப் பகுதி பணப் பகுதியைச் சார்ந்திருக்கிறது. அறிக்கைப் பகுதி அடிப்படை ஹெடர் ஒன்றை இன்க்ளூட் செய்தால் ஜிஎன் ஒத்துக்கொள்ளாது. ஜிஎன்-னில் சாதாரண 'டெப்ஸ்' (டார்கெட்டின் டிபென்டென்சிப் பட்டியல்) என்பது வீட்டுக்குள் நடக்கும் சமாசாரம், அடுத்தவருக்குக் கடந்து போகாது. 'பப்ளிக் டெப்ஸ்' என்று சொன்னால்தான் என்னைச் சார்ந்தவர்களுக்கும் அது தெரியும். முதல் அடி எப்படியும் இருக்கலாம், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு அடியும் பப்ளிக்காக இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் தம்பி உற்சாகமானான். "அண்ணா, எல்லா டெப்ஸையும் பப்ளிக் டெப்ஸ்னு மாத்திட்டா அரை மணி நேரத்துல பச்சை வந்துடும்ல?"

வந்துவிடும். சொன்னபடி ஒரு பிராஞ்சில், அதாவது கோடின் தனிக் கிளையில், செய்தும் காட்டினான், நிறையப் பிழைகள் ஒரே அடியில் மறைந்தன. ஆனால் அது குடியிருப்பில் இருக்கும் எல்லா வீட்டுச் சாவியையும் வாட்ச்மேன் அறையில் கொத்தாக மாட்டி வைப்பது மாதிரி. யாரும் வெளியே மாட்டிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் பூட்டு எதற்கு? நாளைக்கு யார் எந்த ஹெடரை இன்க்ளூட் செய்தாலும் ஜிஎன் வாயைத் திறக்காது. ஒரு டார்கெட்டிலிருந்து ஒரு டிபென்டென்சியை எடுக்க நினைத்தால் சம்பந்தமே இல்லாத ஐந்து இடம் உடையும்.

நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு எளிது. என் ஹெடர் ஃபைலே இன்னொருவரின் ஹெடரை இன்க்ளூட் செய்கிறதென்றால் அது பப்ளிக் டெப்ஸ். என்னை இன்க்ளூட் செய்கிறவருக்கு அது தானாகவே வந்து சேர்கிறது, மறைத்துப் பயனில்லை. என் சோர்ஸ் ஃபைல் மட்டும் இன்க்ளூட் செய்கிறதென்றால் வெறும் டெப்ஸ். இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், தம்பி மாற்றியதில் ஒன்பது மட்டுமே நியாயமான பப்ளிக். மற்ற இடங்களில் இன்க்ளூட் செய்கிற டார்கெட்டே நேரடியாக டிபென்டென்சி சொல்ல வேண்டியதுதான். இரண்டு இடத்தில் ஹெடரில் இருந்த இன்க்ளூடையே எடுத்துவிட்டோம். ஒரு கிளாஸின் பாயின்டரை மட்டும் பயன்படுத்துகிறது, பெயரை முன்கூட்டி அறிவித்தால் போதும், முழு ஹெடர் எதற்கு?

சிலவற்றில் ஜிஎன் "இது தனிப்பட்ட ஹெடர்" என்றது. ஒரு டார்கெட்டில் 'பப்ளிக்' என்று தனிப் பட்டியல் கொடுக்காதவரை அதன் எல்லா ஹெடரும் வெளியாருக்குத் திறந்தவை. பட்டியல் கொடுத்துவிட்டால் அதில் இல்லாதவை உள்வீட்டுச் சமாசாரம். பிரிண்டர் பகுதியில் இப்படி ஒரு பட்டியல் ஏற்கெனவே இருந்தது. யாரோ பொறுப்பாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் சோதனையே ஓடாததால் அதை ஒருவரும் மதிக்கவில்லை. தெர்மல் பிரிண்டருக்கு பைட்டுகளை அனுப்பும் உள் ஹெடரை ரசீதின் முன்தோற்றம் காட்டும் திரை நேரடியாகத் திறந்திருந்தது. ஒரு வரியில் எத்தனை எழுத்து பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள மட்டும். அந்த ஒரு எண்ணைத் தரும் ஃபங்ஷனை வெளி ஹெடருக்குக் கொண்டுவந்தோம், முடிந்தது. ஒவ்வொரு பகுதியையும் தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்கள் உள் ஹெடரைத் தொடுவது நியாயம். அதற்கு 'ஃபிரெண்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது, டெஸ்ட் டார்கெட்டின் பெயரை அதில் சேர்த்தோம்.

'விசிபிலிட்டி' என்று ஜிஎன்-னில் இன்னொன்று உண்டு, தம்பி இதையும் அதையும் போட்டுக் குழப்பிக்கொண்டான். விசிபிலிட்டி என்பது யார் என்னை டிபென்டென்சியாகச் சொல்லலாம் என்பது. 'பப்ளிக்' என்பது சொன்னவர்கள் என் எந்த ஹெடரைத் திறக்கலாம் என்பது. முதலாவது வாசல் கதவு என்றால் இரண்டாவது பூஜை அறைக் கதவு. கம்பைலரில் சிம்பல் விசிபிலிட்டி என்று ஒன்று இருக்கிறதே, அது லைப்ரரியிலிருந்து எந்தப் பெயர்கள் வெளியே தெரியும் என்பது. மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை.

ஒரு சுழல் கிடைத்தது. பிரிண்டர் பகுதி திரையின் ஹெடரை இன்க்ளூட் செய்கிறது, திரை பிரிண்டரின் ஹெடரை. ஜிஎன் டார்கெட்டுகள் வட்டமாகச் சார்ந்திருக்க முடியாது. இதற்கு 'அலவ் சர்க்குலர் இன்க்ளூட்ஸ் ஃபிரம்' என்று ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்கள், பெயரின் நீளத்திலேயே "வேண்டாம்" என்று சொல்வது போல இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பில்லின் ஒரு வரியை விவரிக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்று மட்டுமே. அதை எடுத்துத் தனிச் சின்ன டார்கெட்டாக வைத்ததும் சுழல் அவிழ்ந்தது.

மிச்சம் இருந்த நான்கு பொய்ப் புகார்கள். எந்த வரி கம்பைலுக்குப் போகும் என்று முன்கூட்டி முடிவு செய்யும் ப்ரீப்ராசசரை ஜிஎன் ஓட்டுவதில்லை, இன்க்ளூட் வரியை எழுத்தாக மட்டும் படிக்கிறது. குறிப்பிட்ட ஒரு கருவி மாடலுக்கு மட்டும் இஃப்டெஃப் என்ற நிபந்தனைக்குள் வைத்த இன்க்ளூட், மற்ற மாடல்களுக்கான பில்டிலும் பிழையாகத் தெரியும். இப்படிப்பட்ட வரியின் கடைசியில் கமென்டாக 'நோஜிஎன்செக்' என்று எழுதினால் விட்டுவிடும். எழுதினோம், ஒவ்வொன்றின் மேலேயும் காரணத்தையும் எழுதினோம். காரணம் இல்லாத 'நோஜிஎன்செக்' ரிவ்யூவில் வந்தால் திருப்பி அனுப்புகிறேன்.

பச்சை வந்தது. இந்த முறை பச்சையை அப்படியே நம்பவில்லை. எந்த டார்கெட்டும் தன் பட்டியலில் சொல்லாத ஹெடரை இன்க்ளூட் செய்தால் ஜிஎன் செக் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். யாருக்கும் சொந்தமில்லாத ஃபைலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது? லெகசி ஹெடர் இத்தனை நாள் ஒளிந்திருந்ததும் இந்தச் சந்தில்தான். குரோமியத்தில் இதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். அதே யோசனையில் நானும் முப்பது வரி பைத்தான் எழுதினேன். நிஞ்சாவின் டெப்ஸ் பதிவில் வரும் ஹெடர் பெயர்கள் ஒரு பக்கம், பில்ட் ஃபைல்களில் சொல்லப்பட்ட ஹெடர் பெயர்கள் இன்னொரு பக்கம், முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை வெளியே. 23 அநாதைகள் கிடைத்தன. பெரும்பாலானவை பட்டியலில் சேர்க்க மறந்தவை. இரண்டு மட்டும் லெகசி ஃபோல்டரில் இருந்த பழைய பிரதிகள், ஒன்று எழுத்துருவின் அளவு அட்டவணை. அது எப்போது வெடித்திருக்குமோ. ஃபோல்டரையே அழித்து, இன்க்ளூட் பாதையிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

ஸ்கிரிப்ட் உண்டாக்கும் ஃபைல்களுக்கு நிஞ்சாவிலேயே ஒரு சோதனை இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது: 'மிஸ்ஸிங்டெப்ஸ்'. கம்பைலர் உண்மையில் படித்த ஹெடர்களில் எது இன்னொரு வேலையால் உண்டாக்கப்பட்டது என்று பார்க்கும், அந்த வேலைக்குச் சொல்லப்பட்ட பாதை இல்லையென்றால் காட்டிக்கொடுக்கும். சர்வரில் ஓட்டினால் அப்படி ஒரு கருவியே தெரியாது என்றது. சர்வரில் இருக்கும் உபுண்டு 22.04-இல் வரும் நிஞ்சா 1.10.1, இந்தக் கருவி 1.11-இல்தான் வந்தது. பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் புதியதைப் போட்டுக்கொண்டேன். பிரிண்டர் திருத்தத்தை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சரியாகப் பிரிண்டர் ஆப்ஜெக்டையும் விகித ஹெடரையும் பெயர் சொல்லிக் காட்டியது. இதை முன்பே ஓட்டியிருந்தால் சர்வரில் எப்போதும் பிடிபட்டிருக்குமா என்றால் அதுவும் இல்லை. கம்பைலர் படித்ததை வைத்துத்தான் இது பேசுகிறது. 12 வந்த பில்டில் படிக்கப்பட்டது லெகசி பிரதி, அது யாராலும் உண்டாக்கப்பட்டதல்ல, ஆகவே புகார் இல்லை. பழைய பிரதி போன பிறகுதான் இந்தச் சோதனைக்கே பல் முளைத்தது.

திருத்தத்தைத் திரும்ப வைத்தேன். இப்போது சர்வரில் ஒவ்வொரு மெர்ஜுக்கும் செக், பட்டியல் எதுவும் இல்லாமல் எல்லா டார்கெட்டுக்கும். இரவு ஒரு முறை சுத்தமான பில்ட், அதன் பிறகு மிஸ்ஸிங்டெப்ஸ், அப்புறம் என் அநாதை ஸ்கிரிப்ட்.

மறுநாள் டெஸ்டிங் மேடம் பத்துப் பொருளுக்கு பில் போட்டுப் பார்த்தார். நெய்க்கு இரண்டு இடத்திலும் 2.5-உம் 2.5-உம். "சரியா வருது சார். ஆனா ஷாம்பு பேரு பாதியில வெட்டுது" என்றார். எழுத்துரு அட்டவணை. லெகசியிலிருந்து அழித்தேனே, அதே ஹெடர். புதிய அட்டவணையில் 'ஷ' அகலம் வேறு. இத்தனை நாள் பிரிண்டர் பழைய அகலத்தை வைத்து அளந்திருக்கிறது. இன்று அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.